வீடு கொடுக்க அதிகாரம் இல்லாத பிரதேச சபை உறுப்பினர் வீட்டுத்திட்டத்தில் என்ன செய்யலாம்?

தங்கச்சி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்கும்படி சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் ஒரு பிரதேச சபைக்கு முதல் தடவையாகத் தெரிவாகியிருக்கிறீர்கள். உங்கள் வட்டாரத்தில் ஒரு வீட்டுத்திட்டத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, இன்னொன்று லிண்டல் மட்டத்தோடு, அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே கொங்கிறீட் வளை போடுகிற மட்டத்தோடு, நின்று பற்றை மூடிவிட்டது, இதற்கிடையில் வீடு கேட்டு ஒவ்வொரு நாளும் வாசலுக்குச் சனம் வருகிறது. சபையில் வீடு கட்ட ஒரு சதமும் இல்லை. தலைமைத்துவப் பயிற்சியில் மக்களை வழிநடத்துங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள், எதைச் செய்து வழிநடத்துவது என்று கேட்கிறீர்கள்.

நான் கல்முனையிலிருந்து வாகரை வரைக்கும் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வீட்டுத்திட்டங்களில் தொழினுட்ப உத்தியோகத்தராக வேலை செய்தவன். அத்திவாரம் அளந்திருக்கிறேன், வேலை முடிந்த அளவைப் பார்த்து விடுகிற தவணைப் பணத்துக்குக் கையெழுத்து வைத்திருக்கிறேன், நான் அளந்து கொடுத்த வீடுகள் ஆளில்லாமல் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு கொடுக்கும் அதிகாரம் உங்களிடம் இல்லை, அது உண்மை. அது தேசிய வீடமைப்பு அதிகார சபையிடம் இருக்கிறது, அமைச்சிடம் இருக்கிறது, நிதி தருகிற நாட்டிடம் இருக்கிறது, அரச காணி என்றால் பிரதேச செயலாளரிடம் இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டுத்திட்டம் கெட்டுப்போகிற இடங்கள் என்று பார்த்தால் காணி, பயனாளிப் பட்டியல், தவணைப் பணம் வருகிற காலம், பத்திரத்தில் எழுதுகிற பெயர், சாவி கொடுத்த பிறகு வரவேண்டிய தண்ணீரும் வீதியும், இவ்வளவும்தான். இவை எல்லாமே உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. கிழக்கில் நான் கண்ட தோற்றுப்போன திட்டங்களில் காசில்லாமல் தோற்றவை குறைவு. இந்த ஐந்தில் ஒன்றை யாரும் கவனிக்காமல் விட்டுத் தோற்றவைதான் அதிகம்.

வீட்டுத்திட்டம் என்றால் அரசாங்கம் கட்டி, நாடா வெட்டி, சாவி கொடுப்பது என்றுதான் இப்போது சனம் நினைக்கிறது. நம் நாட்டில் இதற்கு வேறொரு வரலாறு இருக்கிறது, சபைக்குப் போகிற நீங்கள் அதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 1978இல் ரணசிங்க பிரேமதாச வீடமைப்புக்குப் பொறுப்பாக இருந்தபோது ஒரு இலட்சம் வீட்டுத்திட்டம் தொடங்கியது. தேசிய வீடமைப்பு அதிகார சபை 1979ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அரசாங்கமே முன்னுக்கு நின்று கட்டினால் செலவு தாங்காது என்பது சில வருடங்களிலேயே தெரிந்துவிட்டது. அதனால் 1984இல் பத்து இலட்சம் வீட்டுத்திட்டம் வந்தபோது வழியை மாற்றினார்கள்: அரசாங்கம் சிறிய கடனும் ஆலோசனையும் காணி ஒழுங்கும் செய்து கொடுக்கும், வீட்டைக் குடும்பம்தான் கட்டும், எப்படி, எவ்வளவு பெரிதாக, எந்தச் சாமானில் என்பதையும் குடும்பமே தீர்மானிக்கும். கிணறு, வாய்க்கால், ஒழுங்கை மாதிரிச் சின்ன வேலைகளைக் கொந்தராத்துக்காரருக்குக் கொடுக்காமல் அந்த ஊர்ச் சங்கத்துக்கே ஒப்பந்தமாகக் கொடுக்கிற முறையும் அந்தக் காலத்தில் இங்கே பிறந்ததுதான். பிறகு ஐக்கிய நாடுகள் சபையின் வீடமைப்பு நிறுவனம் அதை வேறு பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. 1987ஆம் ஆண்டை வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்ததற்கும் பிரேமதாச அங்கே வைத்த முன்மொழிவுதான் காரணம்.

அந்த அரசியலைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் வேறு வேறு கருத்து இருக்கலாம். கட்டுகிறவர் கையில் தீர்மானத்தைக் கொடுத்தால் வீடு நிற்கும் என்ற பாடம் மட்டும் எனக்கு வேலைக் காலம் முழுக்கப் பொய்க்கவில்லை. தாய்லாந்தில் 2003இல் தொடங்கிய பான் மங்கொங் என்கிற திட்டமும் இதே தடத்தில்தான் போகிறது. அங்கே கடனைத் தனித்தனி ஆளுக்குக் கொடுப்பதில்லை, அந்தக் குடியிருப்பின் கூட்டுறவுக்குக் கொடுக்கிறார்கள், காணிக்காக உரிமையாளரோடு பேரம் பேசுவதும் அந்தச் சனம்தான்.

நம் பக்கம் இந்த வழி முழுதாக வேரூன்ற முன்பே யுத்தம் வந்துவிட்டது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை பறந்த வீடுகளைக் கட்டி முடித்து நிமிர்வதற்குள் இடப்பெயர்வு, பிறகு 2004 டிசம்பர் 26 சுனாமி. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள், நாட்டிலேயே ஆகக் கூடிய இழப்பு அதுதான். அதற்குப் பிறகு கிழக்கில் வீடு என்றாலே நிவாரணம் என்று ஆகிவிட்டது. நிவாரணத்தில் பயனாளி கேள்வி கேட்க மாட்டார், கொடுப்பதை வாங்கிக்கொள்வார்.

இனிக் காணிக்கு வருகிறேன்.

சுனாமிக்குப் பிறகு கடலிலிருந்து வடக்கு கிழக்கில் 200 மீட்டருக்குள்ளும் மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தார்கள், பிறகு தளர்த்தினார்கள். தளர்த்துவதற்கு முந்திய அந்தக் காலத்துக்குள் உள்பக்கமாக எங்கேயாவது காணி தேடியே ஆகவேண்டிய அவசரம். மட்டக்களப்பில் கடற்கரைக் கிராமமான நாவலடிச் சனத்தில் பலருக்குத் திராய்மடுவில் வீடு கிடைத்தது. பள்ளக் காணி, மாரியில் தண்ணீர் நிற்கும், கடலுக்குப் போய்வருகிற குடும்பத்துக்கோ தூரம். வலையையும் தோணியையும் கரையில் விட்டுவிட்டு எப்படி உள்ளே வந்து நித்திரை கொள்வது? ஒரு பகுதியினர் திரும்பவும் கடற்கரைப் பக்கமே போய்விட்டார்கள். அதற்காகச் சனத்தை நன்றி கெட்டவர்கள் என்று பேசியதைக் கூட்டங்களில் என் காதால் கேட்டிருக்கிறேன், இன்றைக்கும் அது எனக்குத் தாங்க முடியாத பேச்சு.

உங்கள் படுவான்கரையில் கடல் இல்லை, அதற்குப் பதிலாக யானையும் வெள்ளமும் இருக்கின்றன. வெல்லாவெளி, வவுணதீவு, கிரான் பக்கங்களில் காட்டோரத்தில் காணி சும்மா கிடக்கிறது என்று திட்டத்தைக் கொண்டுபோய் வைப்பார்கள். முதல் போகம் வெட்டி நெல்லை வீட்டுக்குள் அடுக்கினதும் யானை சுவரை இடித்துக்கொண்டு வரும். புதிய திட்டத்துக்கு இடம் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால், காணி கோடையில் எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்துச் சம்மதிக்க வேண்டாம். கடைசி மூன்று மாரியிலும் அங்கே தண்ணீர் எந்த மட்டத்துக்கு ஏறியது என்று பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள், மரத்தில் சேற்று அடையாளம் இருக்கும், அதை அளந்து எழுதிவையுங்கள்.

இன்னொரு கணக்கையும் சொல்கிறேன், இதை யாரும் கூட்டத்தில் பேசுவதில்லை. பத்துப் பேர்ச் காணி என்றால் சுமார் 2,720 சதுர அடி, அதாவது நாற்பது அடி அகலமும் அறுபத்தெட்டு அடி நீளமும் என்று வையுங்கள். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். உங்கள் காணிக்குள் முன்மூலையில் கிணற்றையும் பின்மூலையில் குழியையும் வைத்து அதைச் சமாளித்துவிடலாம். ஆனால் பின்காணிக்காரரின் கிணறு உங்கள் குழியிலிருந்து பத்தடியில் வந்து நிற்கும். நம்முடைய மணல் நிலத்தில், மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்த நேரத்தில், அது என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே பத்துப் பேர்ச்சாகப் பிரித்த காணி என்றால் பொதுக்கிணறோ குழாய்நீரோ வரைபடத்திலேயே இருக்கவேண்டும். வரைபடம் அனுமதிக்கு வருகிற இடங்களில் சபையின் கையில் இருக்கிற உண்மையான அதிகாரம் இதுதான், அதைப் பாவியுங்கள்.

அடுத்தது பட்டியல். அக்கரைப்பற்றுக்குப் பக்கத்தில் நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியில் சுனாமிக் குடும்பங்களுக்காக 500 வீடுகள் கட்டினார்கள். யாருக்கு, எந்த விகிதத்தில் பகிர்வது என்பது உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது, வீடுகள் பத்து வருடத்துக்கு மேல் ஆளில்லாமல் காடு பிடித்துக் கிடந்தன. வீடிழந்த சனம் பக்கத்திலேயே இருக்க, கட்டி முடித்த வீடு பாழாகிற காட்சியைப் போல மனதை உடைக்கிற ஒன்று எனக்கு இந்தத் துறையில் இல்லை. தெரிவுக்கான விதியைக் கல் வைப்பதற்கு முன்பே எல்லாச் சமூகங்களும் இருந்து பேசி எழுதிவைத்திருக்க வேண்டும். பட்டியலைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் அத்திவாரத்துக்கு முன்னால்.

உங்கள் அளவில் இது எப்படி நடக்கும்? யார் பெயரைச் சேர்ப்பது என்று நீங்கள் பேசப் போகாதீர்கள். ஒரு பெயரைச் சேர்த்தால் இன்னொரு குடும்பத்துக்கு நீங்கள் பகை, அதோடு அடுத்த நான்கு வருடமும் அந்தப் பகையோடுதான். அதற்குப் பதிலாகப் புள்ளி எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பகிரங்கமாக்குங்கள். கணவனை இழந்தவருக்கு எத்தனை, மாற்றுத்திறனாளி இருக்கிற குடும்பத்துக்கு எத்தனை, கொட்டிலில் இருப்பவருக்கு எத்தனை, முன்பு வீடு வாங்கியவருக்கு என்ன. பிறகு பட்டியலைக் கிராம சேவகர் அலுவலகத்திலும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் ஒட்டச் செய்து, ஆட்சேபணைக்கு இரண்டு கிழமை கொடுங்கள். ஒட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். விண்ணப்பம் கொடுத்தால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் தீர்மானித்துச் சொல்லவேண்டும். உறுப்பினரே விண்ணப்பம் போட்டால் அதிகாரிகள் முகம் சுளிப்பார்கள்தான், பரவாயில்லை.

தவணைப் பணத்தில்தான் எனக்கே ஒரு குற்றம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் உங்களுக்கு அறிவுரை சொல்வது சரியில்லை. சுனாமிக்குப் பிந்திய காலம், எந்தத் திட்டம் என்பதை விடுவோம். கணவனை இழந்த ஒரு அக்கா, இரண்டு பிள்ளைகள். சுவர் எழும்பிவிட்டது, லிண்டல் போட்டால்தான் அடுத்த தவணை என்று விதி. லிண்டல் போட அவவிடம் காசில்லை, அடுத்த தவணை வந்தால்தான் கம்பி வாங்கலாம். ஒக்டோபர் நடுப்பகுதி, மழை தொடங்கப் போகிறது என்று எனக்குத் தெரியும். விதியைத் தாண்டிக் கையெழுத்து வைத்தால் கணக்காய்வில் நான் பதில் சொல்லவேண்டி வரும் என்று பயந்து, வைக்காமல் வந்துவிட்டேன். நவம்பரில் ஒரு கிழமை விடாமல் மழை. கட்டுப்படாமல் நின்ற பக்கச் சுவர் ஒன்று இரவில் விழுந்தது. பிள்ளைகள் அன்றைக்கு அம்மம்மா வீட்டில் இருந்தபடியால் தப்பினார்கள். அந்தச் சுவரைத் திரும்பக் கட்ட அவ வாங்கின கடன் அவ கழுத்தில் பல வருடம் கிடந்தது. ஒரு உறுப்பினர், ஒரு சங்கத் தலைவர், யாராவது ஒரு ஆள் அன்றைக்கு என்னோடு மேலதிகாரியிடம் வந்து நின்று "இது மழைக்கு முன் முடியவேண்டும்" என்று சொல்லியிருந்தால் எனக்கும் தைரியம் வந்திருக்கும். நான் செய்யாமல் விட்டது என் பிழைதான். ஆனால் உங்களைப் போன்ற ஒருவர் நிற்கவேண்டிய இடம் எது என்று கேட்டால், எனக்கு அந்த மேலதிகாரியின் அறை வாசல்தான் ஞாபகம் வருகிறது.

மட்டக்களப்பில் வீடு கட்டுகிற பருவம் மாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும்தான், அதற்குள்ளும் வயல் வெட்டுக் காலத்தில் மேசனும் கிடைக்காது கையாளும் கிடைக்காது. கொழும்பில் நிதியாண்டு முடியப்போகிறது என்று ஐப்பசி, கார்த்திகையில் முதல் தவணையை விட்டால், அந்தக் காசு சீமெந்துக்குப் போகாது, சாப்பாட்டுக்குப் போகும், குற்றம் பயனாளி மேல் விழும். சாமான் விலையும் அப்படித்தான். 2021இல் ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்த சீமெந்துப் பை 2022இல் மூவாயிரம் வரைக்கும் போனது. தவணைத் தொகை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதினபடியே நின்றது.

தொகைகளின் வரலாற்றையும் கொஞ்சம் பாருங்கள். சுனாமியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சம். உலக வங்கியின் வடக்கு கிழக்கு வீடமைப்புத் திட்டத்தில் அதே தொகை பிறகு மூன்றேகால் இலட்சமானது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம். ஒவ்வொரு முறையும் தொகை வீட்டை முடிக்கப் போதாமல், மிச்சத்துக்குத் தாலிக்கொடி அடகு, அது போதாவிட்டால் நுண்கடன். 2018இல் அரசாங்கம் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனை ஒரு இலட்சம் வரைக்கும் தள்ளுபடி செய்யவேண்டி வந்த அளவுக்கு அந்தக் கடன் முற்றியது. கிழமைக் கடன்காரர் வாசலில் நின்றதை நம் ஊர்ப் பெண்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதனால் வீடு கட்டுகிற குடும்பத்தோடு முதல் நாளே இருந்து, கிடைக்கிற காசுக்கு எது முடியும் என்று கணக்குப் போடுங்கள். ஒரு அறை, ஒரு விறாந்தை, நல்ல கூரை, மலசலகூடம். மற்ற அறைக்கு அத்திவாரத்தை மட்டும் விட்டுவைக்கலாம். அயல் வீட்டுக்காரர் பெரிதாகக் கட்டுகிறார் என்று பார்த்துக் கட்டித்தான் பலர் கடனில் விழுந்தார்கள்.

கணக்குப் போடுகிற விசயத்தில் ஒரு நல்ல கதையும் இருக்கிறது. 2016ஐ ஒட்டி வடக்கு கிழக்குக்கு 65,000 பொருத்து வீடுகள் தருகிறோம் என்றார்கள், உருக்கில் செய்து கொண்டுவந்து பூட்டுகிற வீடு, ஒன்றுக்குச் சுமார் 21 இலட்சம். அப்போது மீள்குடியேற்ற அமைச்சின் கல்வீட்டுக்கு எட்டு இலட்சம்தான். பொறியியலாளர்கள் இருந்து அத்திவாரம், வெக்கை, காற்றோட்டம், திருத்தவேண்டி வந்தால் உள்ளூர் மேசனால் முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள், மக்கள் பிரதிநிதிகளும் அதைத் தூக்கிப் பேசினார்கள், திட்டம் கைவிடப்பட்டது. சும்மா வருகிற வீட்டை வேண்டாம் என்று சொல்வது அரசியலில் லேசான காரியம் இல்லை. அந்தக் காசுக்கு இரண்டு குடும்பத்துக்கு மேல் வீடு கிடைக்கும், மேசனுக்கும் ஓடாவிக்கும் கல் அரிகிறவருக்கும் கூலி ஊருக்குள்ளேயே நிற்கும் என்று மதிப்பீட்டை வாசித்துச் சொன்னார்கள். மட்டக்களப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் அழுத்திய மண்கல்லால் வீடுகள் கட்டிய திட்டத்தையும் இதனால்தான் மதிக்கிறேன், கல் இங்கேயே செய்ததுதான்.

இனிப் பெயர். இதில் நான் கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

மட்டக்களப்பு, அம்பாறை கரையோரத்தில் வீடு பெண்ணுக்குரியது. தமிழரிலும் அப்படித்தான், முஸ்லிம்களிலும் அப்படித்தான். மகளுக்குக் கல்யாணம் பேசும்போதே வீடும் வளவும் மகள் பேரில், மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார், தாய் தகப்பன் பின்னால் ஒரு சின்ன வீட்டைப் போட்டுக்கொண்டு அடுத்த மகளுக்குக் கட்டத் தொடங்குவார்கள். ஒரே வளவுக்குள் தாயும் அக்கா தங்கச்சிமாரும் பக்கம் பக்கமாக இருப்பார்கள். புருஷன் குடித்துவிட்டு வந்து அடித்தால் வெளியே போகவேண்டியவர் அவர், ஏனென்றால் வீடு அவவுடையது. சீதனத்தைப் பற்றி எனக்கு நிறையக் கோபம் உண்டு, ஆனால் இந்த ஒரு பாதுகாப்பு நம் பெண்களுக்கு வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காதது.

சுனாமி வீடுகளில் இதைத்தான் உடைத்தார்கள், பெரும்பாலும் தெரியாமலே. படிவத்தில் குடும்பத் தலைவர் என்று ஒரு கட்டம், அதில் புருஷன் பெயர். கடற்கரையில் இருந்த வீடு தாய் மகளுக்குக் கொடுத்தது, புதுக் குடியேற்றத்தில் கிடைத்த வீடு மருமகன் பேரில். சீட்டுக் குலுக்கி வீடு பிரித்ததால் ஒரே வளவில் இருந்த தாயும் மூன்று மகள்மாரும் நான்கு மூலைக்குப் போனார்கள். இரண்டு பேர் பெயரிலும் எழுதுங்கள் என்று மட்டக்களப்பில் பெண்கள் அமைப்புகள் தொண்டை வரளக் கத்தினார்கள், அலுவலகங்களில் சட்டத்தில் இடமில்லை என்ற பதில்தான் வந்தது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935ஆம் ஆண்டுக்குரியது. அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கிற பெர்மிட் காணிக்கு, தனக்குப் பிறகு யாருக்கு என்று பின்னுரித்தாளர் பெயர் எழுதாமல் ஒருவர் இறந்தால் அதன் மூன்றாம் அட்டவணைப்படி ஆண்பிள்ளைக்குத்தான் முதல் இடம் என்று இருந்தது. 2022இல் கொண்டுவந்த திருத்தத்தில்தான் அந்த ஆண் முன்னுரிமையை எடுத்தார்கள். ஆனால் சட்டம் மாறியது ஊருக்குள் தெரியாது, சில அலுவலக மேசைகளுக்கும் தெரியாது.

இது உங்கள் வேலை தங்கச்சி. உங்கள் வட்டாரத்தில் இருக்கிற எல்லாத் திட்டத்திலும் வீடு வீடாகப் போய் பெர்மிட்டில் யார் பெயர் இருக்கிறது, பின்னுரித்தாளர் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். எழுதாதவர்களைச் சேர்த்து ஒரே நாளில் பிரதேச செயலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், காணி உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே நேரம் வாங்கிவையுங்கள். புதிய திட்டம் ஒன்று வந்தால் விண்ணப்பப் படிவம் அச்சடிக்க முன்பே குடும்பத் தலைவர் என்ற கட்டத்தைப் பற்றிப் பேசுங்கள். பெண் உறுப்பினர் என்பதால் நீங்கள் இதைப் பேசும்போது சபையில் சிலர் குடும்பத்தைக் குழப்புகிறா என்பார்கள். நம் ஊரின் பழைய வழக்கத்தைத்தான் கேட்கிறேன் என்று சொல்லுங்கள், அது உண்மையும்தான்.

சாவி கொடுத்த பிறகு நடப்பதைப் பற்றி இனி. 2015க்கும் 2019க்கும் இடையில் சஜித் பிரேமதாச வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது மாதிரிக் கிராமங்கள் நிறையத் தொடங்கின, 2019 கடைசியில் ஆட்சி மாறியதும் பல இடங்களில் மிச்சத் தவணை நின்றுபோனது. பிறகு வந்த ஆட்சி தன் பங்குக்குக் கிராமத்துக்கு ஒரு வீடு என்று 14,022 கிராம சேவகர் பிரிவுக்கும் புதிதாக ஒரு திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு அரசாங்கமும் முதல் கல்லைத் தன் கையால் வைக்க விரும்புகிறது, மற்றவர் விட்ட சுவருக்குக் கூரை போட யாருக்கும் ஆசையில்லை. உங்கள் வட்டாரத்தில் லிண்டலோடு நிற்கிற வீடுகளின் கதையும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பாதி வீட்டை முடிக்கப் புது வீட்டை விடக் காசு குறையத்தான் தேவை, ஆனால் எல்லா வீட்டுக்கும் இல்லை. பல மாரி நனைந்த சுவரில் கம்பி துருப்பிடித்து கொங்கிறீட் வெடித்திருந்தால் அந்த லிண்டலை நம்பிக் கூரை ஏற்றக்கூடாது. ஒவ்வொரு வீட்டையும் தொழினுட்ப உத்தியோகத்தர் ஒருவர் பார்த்து, எது முடிக்கக்கூடியது, எது இடிக்கவேண்டியது என்று தனித்தனியாக மதிப்பீடு எழுதவேண்டும். அந்தக் கட்டுக் கடதாசியோடு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குத் தவிசாளரை அனுப்பினால் அது கோரிக்கையாக நிற்கும். வெறும் கையோடு போனால் அழுகையாகத்தான் கேட்கும்.

பூட்டிக் கிடக்கிற வீடுகளுக்கு உடனே ஆட்சேபம் எழுதிப் பறித்து வேறு ஆளுக்குக் கொடுக்கவேண்டும் என்று உங்களிடம் பலர் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு பூட்டுக்கும் காரணம் தேடுங்கள். ஒருவர் யானைக்குப் பயந்து அக்கா வீட்டில் இருப்பார், ஒரு தாய் கட்டாருக்குப் போயிருப்பா, பிள்ளைகள் அம்மம்மாவிடம். இன்னொரு குடும்பம் கோடையில் கிணறு வற்றியதால் போயிருக்கும், இன்னொன்று பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு பஸ் இல்லாததால். உண்மையில் வேறு வீடு வைத்துக்கொண்டு இதையும் பிடித்து வைத்திருப்பவரும் இருப்பார், அவரை விடக்கூடாது, ஆனால் நான் பார்த்தவரை அவர்கள் சிறுபான்மை. காரணங்களை ஒரு கொப்பியில் எழுதினால் பாதிக்கு மேற்பட்டவை உங்கள் சபையின் வேலையாகவே வந்து நிற்கும்: தெருவிளக்கு, கிறவல் வீதி, வடிகான், குடிநீர் பவுசர், முன்பள்ளி. யானை வேலிக்கு வனஜீவராசிகள் திணைக்களம், பஸ்ஸுக்கு டிப்போ, அவற்றுக்கு நீங்கள் கடிதத்தோடு நடக்கவேண்டும்.

வீட்டுக்குள்ளே வடிவமைப்புப் பிழையும் இருக்கும். ஒரு குடியேற்றத்தில் கட்டின நிறுவனம் குசினியை நடுவீட்டுக்குள் வைத்து, புகை போக வழியும் விடாமல் கட்டியது. ஆறு மாதத்துக்குள் எல்லாப் பெண்களும் பின்னால் கிடுகால் அடுப்படி போட்டுக்கொண்டார்கள். குசினிக்குள் நெல் மூட்டை அடுக்கியிருந்தது. வந்து பார்த்த ஒரு பெரியவர் வீட்டைப் பாவிக்கத் தெரியாத சனம் என்றார். விறகில் சமைக்கிற பெண்ணிடம் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும்.

சபையின் ஒழுங்கை, வாய்க்கால் வேலைகளை முடிந்தவரை அந்த ஊர்க் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கோ மாதர் சங்கத்துக்கோ ஒப்பந்தமாகக் கொடுக்கப் பாருங்கள், அதற்கு விதியில் இடமிருக்கிறது. கொஞ்சம் இழுபடும், கணக்கு எழுதப் பழக்கவேண்டும். ஆனால் தான் போட்ட வடிகானைத் தானே துப்புரவாக்குவார்கள். இருபது வீட்டுக்காரர் சேர்ந்து ஒரு வேலையை முடித்துக் காசு பார்த்தால், அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடாமலே வருவார்கள். நிவாரணக் கிராமமாக இருந்த இடம் ஊராக மாறத் தொடங்குவது அப்படித்தான், எனக்குத் தெரிந்து வேறு குறுக்கு வழி இல்லை.

இப்போது என்ன செய்யவேண்டும் என்றால், கொப்பியோடு முதலில் பூட்டின வீடுகளுக்குப் போங்கள், அதற்கு இரண்டு சனி ஞாயிறு போதும். பெர்மிட் விசயத்தையும் அதே நடையில் கேட்டுவிடலாம். லிண்டலோடு நிற்கிற வீடுகளுக்கு உங்கள் பிரதேச செயலகத்தில் ஒரு தொழினுட்ப உத்தியோகத்தரைக் கேளுங்கள், ஆள் இல்லை என்றால் எனக்குச் சொல்லுங்கள். ஓய்வில்தான் இருக்கிறேன், அளவு நாடாவும் மட்டக் குழாயும் இன்னும் வீட்டில் இருக்கின்றன, புரட்டாதி முடிய முன் ஒரு நாள் காலையிலேயே வந்தால் இருவருமாக எல்லா வீட்டையும் பார்த்து முடித்துவிடலாம்.